ஃபைஃபாக்ஸ்: மேசைமேல் சும்மா கிடக்கும் போன் ஏன் 9.8 காட்டுகிறது?

இயற்பியல் படிக்கிற பிள்ளைகளின் போனில் ஃபைஃபாக்ஸ் செயலியை ஏற்றச் சொல்லலாமா என்று என்னைப் போல டியூஷன் எடுப்பவர்கள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதில் எந்தப் பகுதியை முதலில் திறப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

செயலியைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் உருவாகி 2016இல் வெளிவந்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற சென்சார்கள்தான் இதற்கு மூலதனம்: திரையைத் திருப்பப் பயன்படும் முடுக்கமானி, சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப், திசைகாட்டிக்கான காந்தமானி, மைக், சில போன்களில் காற்றழுத்தமானி. இவை அளப்பதை அப்படியே வரைபடமாகக் காட்டுகிறது. அதற்கு மேல் ஆயத்தமாகக் கட்டித் தந்த சோதனைகள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. பலரும் நேராக அந்தப் பட்டியலுக்குத்தான் போகிறார்கள். நான் போக விடுவதில்லை.

முதல் நாள் நான் திறக்கச் சொல்வது புவியீர்ப்பையும் சேர்த்துக் காட்டும் முடுக்கமானிப் பகுதியை மட்டும். போனை மேசைமேல் மல்லாக்கப் போட்டு ஓடவிட்டால் திரையில் 9.8 (மீட்டர்/விநாடி²) என்று கோடு போகும். போன் அசையவில்லை. முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். அப்படியானால் பூஜ்யம்தானே வர வேண்டும்? வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் யாராவது ஒருவர், "புவியீர்ப்பு முடுக்கம், மிஸ்" என்பார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இப்போது போனைத் தூக்கி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடித்த மெத்தைமேல் விடுங்கள். விழுகிற நேரம் முழுக்கப் புவியீர்ப்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, போனும் நிஜமாகவே முடுக்கமடைகிறது. வரைபடமோ அந்த நேரத்தில் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடும்! அப்புறம் மெத்தையில் மோதும்போது ஒரு கூர்முனை, திரும்பவும் 9.8.

இந்த முரணை அவிழ்த்தால் இயக்கவியலில் பாதி விளங்கிவிடும். சென்சாருக்குள் மிக நுண்ணிய ஒரு நிறை, மெல்லிய வில் போன்ற தாங்கிகளில் நிற்கிறது. அது தன் கூட்டைப் பொறுத்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் மின்னணுச் சுற்று அளக்கிறது. மேசைமேல் இருக்கும்போது மேசை போனை மேல்நோக்கித் தள்ளுகிறது, தாங்கிகள் அந்த நிறையைத் தள்ளுகின்றன. அந்த விசையை நிறையால் வகுத்தால் 9.8. விழும்போது கூடும் நிறையும் ஒன்றாகவே விழுகின்றன, யாரும் யாரையும் தள்ளவில்லை, அதனால் விலகலும் இல்லை. ஆக, இந்தச் சென்சாருக்குப் புவியீர்ப்பு தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது தாங்கும் விசை மட்டும். நாம் 'எடை' என்று உணர்வதும் அதே தாங்கும் விசைதான் என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. பூமியைச் சுற்றும் விண்கலத்துக்குள் ஏன் மிதக்கிறார்கள் என்பதற்கும் பதில் இதே வரைபடத்தில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு இல்லாமல் இல்லை, விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். போனைச் சுழலாமல் விட வேண்டும். கையிலிருந்து நழுவும்போது புரண்டுவிட்டால் கோடு பூஜ்யத்துக்கு வராது, ஏனென்றால் சென்சார் போனின் நிறை மையத்தில் இருப்பதில்லை. புரளும்போது அதற்கு ஒரு மையநோக்கு முடுக்கம் சேர்ந்துவிடும். தட்டையாகப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விடச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்கு 0.45 விநாடி வர வேண்டும். வரைபடத்தில் அந்தப் பள்ளத்தின் அகலத்தைப் படித்து, பாதி ஜி டி ஸ்கொயரில் (ஜி அந்த 9.8, டி நேரம்) போட்டு, உயரத்தை அவர்களே எடுக்கட்டும்.

லிஃப்ட் கிடைத்தால் விடாதீர்கள். மேலே கிளம்பும்போது 9.8 என்பது 10.8 பக்கம் ஏறும், நிற்கப் போகும்போது 8.8 பக்கம் இறங்கும் (லிஃப்டுக்கு லிஃப்ட் மாறும்). நான் கவனிக்கச் சொல்வது இந்த இரண்டையும் அல்ல, நடுவில் இருக்கும் பகுதியை. லிஃப்ட் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, திரையில் அதே 9.8, தரையில் நின்றபோது இருந்த அதே எண். ஓடுகிற பொருளுக்கு ஓட்டம் நீடிக்க ஒரு விசை வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்திலிருந்து லேசில் போகாது; நியூட்டனின் முதல் விதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்குக்கூட உள்ளே அது இருக்கும். சீரான வேகமும் ஓய்வும் சென்சாருக்கு ஒன்றுதான் என்று எண்ணாகப் பார்த்த பிறகே அது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எடை பார்க்கும் கருவியில் 60 கிலோ காட்டும் ஒருவர் அந்த 10.8 நேரத்தில் அதன்மேல் நின்றால் 66 காட்டும் என்று இரண்டாம் விதியை அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

இந்தச் செயலியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒலி நிறுத்துகடிகாரம். முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும், அவ்வளவே. இதை வைத்து ஒலியின் வேகத்தை அளக்கலாம். இரண்டு போன்களைத் தரையில் 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், அதே நேர்க்கோட்டில் ஒருவர். முதலாமவர் ஒரு தட்டு தட்டுகிறார்: பக்கத்துப் போன் உடனே ஓடத் தொடங்கும், தூரத்துப் போனுக்குச் சத்தம் கொஞ்சம் தாமதமாகப் போகும். பிறகு இரண்டாமவர் தட்டுகிறார்: இப்போது அவர் பக்கத்துப் போன் உடனே நிற்கும், மற்றது தாமதமாக நிற்கும். இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம். சுமார் 0.029 விநாடி வரும். இரண்டு கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதன் அழகு. யார் எப்போது தட்டினார்கள், எவ்வளவு இடைவெளி விட்டுத் தட்டினார்கள் எல்லாமே கழிந்துபோகிறது. ஒரு நல்ல சோதனையை எப்படி வடிவமைப்பது என்பதற்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 20 டிகிரி செல்சியஸில் 343 மீட்டர்/விநாடி, 30 டிகிரியில் 349 வரவேண்டும். அந்த அளவு வித்தியாசத்தை இந்த ஏற்பாட்டில் நம்பிச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். 5 மீட்டரில் முடியாது. தூரத்தைக் கூட்ட வேண்டும். ஏன் என்று அவர்களே கணக்குப் போட்டால் பிழையைப் பற்றிய பாடம் தனியாகத் தேவைப்படாது. சத்தத்தின் வரம்பு அளவை மட்டும் அறைக்கு ஏற்ற மாதிரி ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யாராவது செருமினாலே கடிகாரம் நின்றுவிடும்.

இனி ஆயத்தச் சோதனைகள். மீட்சியற்ற மோதல் என்று ஒன்று: ஒரு பந்தைத் தரையில் துள்ள விட்டால், துள்ளும் சத்தங்களுக்கு இடையிலான நேரத்தைக் கேட்டு, எவ்வளவு உயரம் எழும்பியது, ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் ஆற்றலில் எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று செயலியே சொல்லிவிடும். வேலை சுத்தம். பாடம் நடத்துகிறவளாக எனக்கு இதில்தான் உறுத்தல். பந்து ஏறப் பாதி நேரம், இறங்கப் பாதி நேரம். ஆகவே உயரம் ஜி டி ஸ்கொயர் பை எட்டு என்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டிய இடம் திரைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அதனால் நான் முதலில் நேரங்களை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். 0.60 விநாடி, அடுத்தது 0.52 என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரங்கள் 44 செ.மீ., 33 செ.மீ.; மிஞ்சிய ஆற்றல் 75 சதவீதம். போன 25 எங்கே? வெப்பம், பந்தின் உள் அதிர்வு, கொஞ்சம் சத்தம். அந்தச் சத்தத்தை வைத்துத்தானே அளந்தோம் என்று ஒரு மாணவி சொன்னாள், எனக்கு அது தோன்றவே இல்லை. கையால் கணக்குப் போட்ட பிறகு ஆயத்தப் பகுதியைத் திறந்து ஒத்துப் பார்க்கட்டும்.

ஊசலும் அப்படித்தான். போனையே தொங்கவிட்டு ஆட்டலாம், முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு நூலில் தொங்கவிட வேண்டும். நீளத்தைப் போனின் நடுவரை அளக்க வேண்டும், மேல் விளிம்புவரை அல்ல. ஒரு மீட்டருக்கு அலைவு நேரம் 2.006 விநாடி. பெரிய கோணத்துக்கு இழுத்து விட்டால் நேரம் கூடுவதையும் பார்க்கலாம்: 30 டிகிரியில் 1.7 சதவீதம், 60 டிகிரியில் 7 சதவீதத்துக்கு மேல். சிறிய கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்ற வரியை யாரும் மதித்து வாசிப்பதில்லை, இங்கே அது எண்ணாக வந்து நிற்கிறது. மையநோக்கு முடுக்கத்துக்கு ஒரு சுழல் நாற்காலி போதும். கோணத் திசைவேகத்தின் வர்க்கத்துக்கு எதிராக முடுக்கத்தை வரைந்தால் நேர்க்கோடு, அதன் சாய்வே ஆரம். அந்த ஆரத்தை வைத்துப் போனுக்குள் சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம்.

இனி எச்சரிக்கை. புவியீர்ப்பை நீக்கிக் காட்டும் முடுக்கம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அது நேரடி அளவீடு அல்ல. போன் தன் கணிப்பில் ஈர்ப்பின் பங்கைக் கழித்துத் தருவது. கணிப்பு தவறினால் அசையாத போனுக்கும் சின்ன முடுக்கம் காட்டும். புத்திசாலிப் பிள்ளைகள் உடனே, "இதைத் தொகையீடு செய்தால் வேகம், இன்னொரு தரம் செய்தால் தூரம்" என்று கிளம்புவார்கள். போகட்டும், தடுக்காதீர்கள். முடுக்கத்தில் 0.05 பிழை இருந்தால் 10 விநாடியில் 2.5 மீட்டர் தவறு, ஒரு நிமிடத்தில் 90 மீட்டர். மேசைமேல் கிடக்கிற போன் தெருமுனைக்குப் போய்விட்டதாகக் கணக்கு வரும். நேரத்தின் வர்க்கத்தோடு பிழை வளர்வது என்றால் என்ன என்று இதைவிட வேடிக்கையாகத் தெரியாது.

வெப்பவியலுக்கும் மின்சுற்றுக்கும் இது உதவாது. வெளிச் சென்சார்களைப் புளூடூத்தில் இணைக்கலாம், அது வேறு செலவு. மூன்றாம் விதிக்கும் நேரடியாக ஒன்றும் இல்லை. ஒளி அளவி ஐபோனில் வேலை செய்யாது, ஆப்பிள் அந்தச் சென்சாரை வெளிச் செயலிகளுக்குத் திறப்பதில்லை. அளந்ததை எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி நன்றாக இருக்கிறது. ஒரே வைஃபையில் இருந்தால் போன் ஊஞ்சலாடும்போதே கணினியின் உலாவியில் வரைபடத்தைப் பார்க்கவும் முடிகிறது. திரையை அப்படியே படம் எடுத்து அனுப்புகிற விடைகளை நான் வாங்குவதில்லை. எண்ணும் அலகும் வேண்டும்.

விலை குறைந்த போன்களில் ஜைரோஸ்கோப், காற்றழுத்தமானி இரண்டும் இல்லாமல் இருக்கலாம். கவலைப்பட வேண்டாம், இதுவரை சொன்னதில் பெரும்பகுதிக்கு முடுக்கமானியும் மைக்கும் போதும். ஊசலைக்கூட முடுக்கமானியின் வரைபடத்தில் முகடுகளை எண்ணி எடுத்துவிடலாம். ஒரு அலைவுக்கு இரண்டு முகடு வரும், ஏனென்றால் ஊசல் தாழ்புள்ளியைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடக்கிறது. நூலின் இழுவிசை அதிகமாக இருப்பது அங்கேதான்.