லோன்கோவும் தோக்கியும்: மாபுச்சே தலைமையின் இரு வடிவங்கள்

தென் சிலியின் மாபுச்சே மக்கள் ஸ்பானியரை எதிர்த்து நின்ற காலத்தில் அவர்களுக்கு அரசர் என்று ஒருவர் இல்லை. உறவுக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் லோஃப் ஒவ்வொன்றுக்கும் தலைவராக ஒரு லோன்கோ. போர் மூண்டால் பல லோஃப்களுக்கும் பொதுவாக ஒரு போர்த் தலைவர், அவரே தோக்கி.

லோன்கோ பதவி பெரும்பாலும் குடும்ப வழியில் வரும். நிலத் தகராறைத் தீர்ப்பதும் ஙில்லாத்துன் வழிபாட்டுக்கு ஊரைக் கூட்டுவதும் அவர் வேலை. அடக்கி ஆள முடியாது, பேசித்தான் இணங்க வைக்க வேண்டும்.

தோக்கியோ தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர், கல்கோடரி ஏந்தியவர். போர் முடிந்தால் அதிகாரமும் முடிந்தது. புகழ்பெற்ற தோக்கி லௌத்தாரோ சிறுவயதில் ஸ்பானியரிடம் பிடிபட்டு, ஆளுநர் வால்திவியாவிடம் வேலை பார்த்தவர். குதிரைப் படையின் பலமும் பலவீனமும் அங்கேயே அவருக்கு அத்துப்படி. 1553 டிசம்பரில் துக்காபெல்லில் வீரர்களை அணி அணியாகப் பிரித்து, ஓர் அணி களைத்ததும் அடுத்ததை இறக்கினார். வால்திவியா உயிரோடு திரும்பவில்லை. 1598-இல் குராலாபாவில் பெலந்தாரோ என்ற மாபுச்சே போர்த் தலைவரின் படை இன்னோர் ஸ்பானிய ஆளுநரையும் வீழ்த்தியது.

புகழெல்லாம் தோக்கிக்குத்தான். ஆனால் எனக்கு லோன்கோவே பெரியவராகத் தெரிகிறார். 1880-களில் சிலி ராணுவம் நிலத்தைப் பறித்த பிறகும் சிதறிய ஊர்களைக் கட்டிக்காத்தவர்கள் லோன்கோக்களே. 2003-இல் இரண்டு லோன்கோக்களுக்குப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது உரிமை மீறல் என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.