அகலமான ஷூ என்று சொல்லி ரூ. 4,299 பறித்துவிட்டார்கள்: நடைப்பயிற்சி போகிறவர்கள் படித்துவிடுங்கள்

ரூ. 4,299. வெறுங்கால் ஷூ என்று நம்பிக் கட்டிய பணம் போய் இன்றோடு பத்தொன்பது நாள். நேற்று இரவு விற்றவர்கள் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன். அதற்காகத்தான் அவர்கள் இழுத்தடிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஷூவை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

மன்னார்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் ஹரித்ராநதிக் கரையைச் சுற்றி நடப்பது வழக்கம். 23 ஏக்கர் குளம். மூன்று சுற்று வந்தால் உடம்பு இளகிவிடும். முன்பக்கம் குறுகிய ஷூ போட்டு நடந்து நடந்து சுண்டுவிரல் ஓரத்தில் காலாணி வந்துவிட்டது. உடன் நடக்கும் தோழிதான், வெறுங்காலில் நடப்பது போலவே இருக்கும்படி செய்த இந்த வெறுங்கால் ஷூ பற்றிச் சொன்னார். தேடிப் படித்தேன். பொருள் நியாயமானதுதான், அதோடு எனக்கு இப்போதும் சண்டை இல்லை. குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். விரல்கள் விரிந்து கிடக்கும் அளவுக்கு முன்பக்கம் அகலமாக இருக்கும். அடிப்பாகம் மெல்லியது, கையால் சுருட்டலாம். வயல் வரப்பில் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்த கால் என்னுடையது. ஆசை வந்ததில் என்ன தவறு?

தொலைபேசியில் வரும் விளம்பரத்தை வைத்தே விற்கும் கடை அது. செய்தி அனுப்பினால் ஒருவர் கூப்பிட்டுப் பேசுவார். என்னிடம் பேசியவர், "அக்கா, நானும் கும்பகோணம் பக்கம்தான். நம் ஊர்க் கால் அகலம், கடை அளவு சரிப்படாது. காலைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நின்றேன். என் மகள் குனிந்து, பென்சிலை நேராகப் பிடித்து, விரல் விரலாகச் சுற்றி வரைந்தாள். நீளம் 24.5 சென்டிமீட்டர், அகலம் 10. படம் எடுத்து அனுப்பினேன். "காலாணி இந்த இடத்தில்தானே அக்கா?" என்று சரியான இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். இத்தனை கடையில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருவரும் என் காலை இப்படிப் பார்த்ததில்லை. அவர் அனுப்பிய குறியீட்டை ஸ்கேன் செய்து அந்த நிமிடமே ரூ. 4,299 கட்டினேன். முதல் நாளே 5 கிலோமீட்டர் நடக்கலாம், குதிகால் வலியும் போய்விடும் என்றும் சொன்னார்.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. ஷூவுக்குள் என் கால் போகவேயில்லை. காலண்டர் தாளில் வரைந்த பாதத்தின் மேல் ஷூவை வைத்தேன்; சுண்டுவிரல் முழுவதும் வெளியே நிற்கிறது. அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பு. ஸ்கேலை வைத்து அளந்தால் குதிகால் பக்கம் 22 மில்லிமீட்டர், முன்பக்கம் 11. பந்தலடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். ஊசி முனையால் உள்தாளை நெம்பினார். குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது. "தையலே இல்லையே டீச்சர், எல்லாம் பசை. மழையில் ஒரு நாள் தாங்காது" என்றார். சாதாரண மலிவு ஷூவை எடுத்துப் பெயரை மாற்றி விற்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பணத்தைவிட அதிகமாக எரிகிறது. முதலில், "பத்து நாள் போடுங்கள் அக்கா, விரிந்து கொடுக்கும்." பிறகு, "கிடங்கில் சொல்லியிருக்கிறேன்." பிறகு வேறொருவர் வந்து, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ இல்லாமல் மாற்ற முடியாது என்றார். பணம் கட்டும் முன் இந்த வீடியோ பேச்சே இல்லை. கடைசியில் ரூ. 300க்கு ஒரு கூப்பன் தருகிறார்களாம், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். ரூ. 4,299ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அக்காவும் போயிற்று, கும்பகோணமும் போயிற்று, எண் தடுக்கப்பட்டுவிட்டது. பெட்டியில் அனுப்பியவர் பெயர்கூட இல்லை. பின்கோடு 11 என்று தொடங்குகிறது, அது டெல்லி.

வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்று சொல்லிவிட்டார்கள். இணைய மோசடிக்கான 1930இலும் நுகர்வோர் உதவிக்கான 1915இலும் புகார் சொல்லி எண் வாங்கியிருக்கிறேன். பணம் போன அன்றே 1930ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் பத்து நாள் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வலி தீரும் என்று சொல்லி விற்பது பெரிய நிறுவனங்களையே நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை வைத்த வெறுங்கால் ஷூ செய்யும் விப்ரம் நிறுவனம், உடல்நலப் பலன் பற்றிய விளம்பரத்துக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2014இல் அமெரிக்காவில் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது. இதை நான் முன்பே படித்திருந்தால் அந்தப் பேச்சிலேயே சுதாரித்திருப்பேன்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பொருளைப் பார்த்த பிறகே பணம். அடிப்பாகத்தைச் சுருட்டிக் காட்டும் வீடியோ கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நல்ல ஷூவே கிடைத்தாலும் முதலில் வீட்டுக்குள் சில நிமிடம்தான். கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் பழக வாரக்கணக்கில் ஆகும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

இன்று காலையும் அதே விளம்பரம் என் தொலைபேசியில் வந்தது. "காலை வரைந்து அனுப்புங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் இந்தப் பதிவை அவர்களுக்கே அனுப்புங்கள்.