காட்பாடியில் விற்கும் பெயரில்லாத நைட் க்ரீமை வாங்காதீர்கள்

காட்பாடி, வேலூர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். காந்தி நகர்ப் பக்கம் ஒரு பார்லரில் 'ஹெர்பல் நைட் க்ரீம்' என்று ஒரு வெள்ளை டப்பாவை 450 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதோடு நிற்பதில்லை, ஒரு சீனியர் மூலமாக ஹாஸ்டலுக்குள்ளும் அறை அறையாக வருகிறது. எங்கள் மாடியில் பாதிப் பேர் வாங்கியிருக்கிறோம்.

டப்பா மேல் தங்க நிற ஸ்டிக்கர், அதில் ஒரு ரோஜாப்பூ. அவ்வளவுதான். யார் தயாரித்தது, லைசென்ஸ் எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது, எதுவுமே கிடையாது. கேட்டதற்கு அந்த அக்கா, "நாங்களே அரைச்சு செய்யறதும்மா, அதான் கம்பெனி பேர் இல்ல" என்றார். வீட்டில் அரைத்தது வேலூர் வெயிலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாம்!

கொடுமை என்னவென்றால், க்ரீம் வேலை செய்தது. ஒரே வாரத்தில் பருவெல்லாம் அமுங்கி முகம் பளிச்சென்று ஆனது. ஆரணியில் சித்திகூட "என்னடி போடுற, எனக்கும் வாங்கிட்டு வா" என்றார். டப்பா தீர்ந்து கொஞ்ச நாளில் இரண்டு கன்னமும் சிவந்து எரிய ஆரம்பித்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நிற்க முடியவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டாலே காந்தியது. தாடை முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு, மேலுதட்டில் பூனைமுடி வேறு.

பார்லரில் போய்க் காட்டினால், "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது பாப்பா. இன்னொரு டப்பா போடு, அடங்கிடும்" என்கிறார். அடங்கத்தான் செய்யும், வியாபாரமே அதில்தானே ஓடுகிறது. பில் கேட்டேன். "க்ரீமுக்கெல்லாம் யாரும்மா பில் போடுவாங்க?"

தோல் டாக்டர் டப்பாவை ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு கலந்ததாகத்தான் இருக்கும் என்றார். பீட்டாமெத்தசோன், குளோபெடசால் மாதிரியான மருந்துகள் ரத்தக்குழாயைச் சுருக்கி வீக்கத்தை அமுக்குவதால் முகம் வெளுத்த மாதிரி தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும். நிறுத்தினால் அமுங்கிக் கிடந்ததெல்லாம் சேர்ந்து கிளம்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் இந்த வகை க்ரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. அதைத்தான் மூலிகை என்று தருகிறார்கள் போல.

பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசமும் இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது.

இப்போது எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும்தான். சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம். நீங்கள் இன்னும் அந்தக் க்ரீமைப் போட்டுக்கொண்டிருந்தால் டப்பாவோடு ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். ஜிபே ரசீது, சீனியரின் வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். யாரிடமாவது மிச்சக் க்ரீம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், லேபில் சோதிக்க அதுதான் வேண்டும். என் டப்பா சுத்தமாகக் காலி.