சிகார் அறிக்கைகள்: பைசா செலவில்லை, பொறுமைதான் வேண்டும்

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா கொட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்க 2008-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் உருவாக்கிய தணிக்கை அலுவலகம் சிகார். அதன் காலாண்டு அறிக்கைகளையும் தணிக்கைகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காலாண்டு அறிக்கை ஒவ்வொன்றும் தலையணை சைஸ், திரும்பிய பக்கமெல்லாம் சுருக்கப்பெயர்கள், அதற்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

மற்றபடி, வெளிநாட்டுப் படைக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தால் அது தேறியதா இல்லையா என்று எப்படி அளக்கிறார்கள் என்பதை இவ்வளவு வெளிப்படையாகப் போட்டு உடைத்த சரக்கு வேறெதையும் நான் பார்த்ததில்லை. 2010 தணிக்கையில் பக்லான்-இ-ஜதித் என்ற மாவட்டம் வருகிறது. அங்கிருந்த போலீஸுக்கு மதிப்பீட்டில் கிடைத்தது முதல் தரம், அதாவது யார் உதவியும் இல்லாமல் இயங்கும் படை! சிகார் ஆட்கள் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், அங்கே கிளர்ச்சியாளர்கள் கை ஓங்கிக் கிடக்கிறது, பாதுகாப்பு இல்லை, போக முடியாது என்று பதில் வந்திருக்கிறது.

சரி, அந்த அளவுகோலை மாற்றினார்கள். புதியதில் உச்ச தரம் முதலில் 'தனித்து இயங்கும்', பிறகு 'ஆலோசகர்கள் துணையோடு தனித்து இயங்கும்' என்று ஆனது. அப்புறம் என்ன, உச்ச தரம் வாங்கிய பிரிவுகள் கூடிவிட்டன. அதற்கு இந்தப் பெயர் மாற்றமும் ஒரு காரணம் என்று 2014 தணிக்கை எழுதியிருக்கிறது. எத்தனை மாவட்டங்கள் அரசின் கையில் என்ற கணக்கு மோசமாகிக்கொண்டே வந்தது, 2019-ல் அந்தக் கணக்கெடுப்பையே அமெரிக்க ராணுவம் நிறுத்திவிட்டது.

ஜி222 சரக்கு விமானக் கதையையும் விட்டுவிடாதீர்கள். ஆப்கன் விமானப்படைக்கு 20 விமானம் வாங்கிய திட்டத்துக்கு ஏறக்குறைய 50 கோடி டாலர். அதில் 16 காபூலில் பழைய இரும்புக் கணக்கில் போனது, பவுண்டுக்கு 6 சென்ட், மொத்தம் 32,000 டாலர். வாங்கிக் கொடுத்ததை எண்ணுவது சுலபம், பறந்ததா என்று யார் பார்ப்பது?

புதிதாகப் படிக்கிறவர்கள் 2021 ஜூலை 30 அறிக்கையின் பாதுகாப்பு அத்தியாயத்தில் தொடங்குங்கள். ஆப்கன் படைபலம் 3,00,699 என்று இருக்கும். சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் 'பேய் சிப்பாய்கள்' பற்றிச் சிகார் வருஷக்கணக்காக எச்சரித்து வந்ததையும் சேர்த்துப் படியுங்கள். அறிக்கை வந்த இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 15-ல், காபூல் தாலிபானிடம் விழுந்தது. போனில் முயற்சிக்க வேண்டாம், அட்டவணைகள் கண்ணைப் பிடுங்கிவிடும்.