டிரைவரோடு போராடுவதா, டாங்கிள் செருகுவதா, கார்டையே மாற்றுவதா? லினக்ஸ் மடிக்கணினியின் வைஃபைக்கு மூன்று வழிகள்

என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வழங்கலை நிறுவிய நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் வைஃபையோடு போராடியிருக்கிறேன். அதன் உள்ளே இருந்த வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு வரவில்லை. தன்னார்வலர் ஒருவர் பராமரிக்கும் டிரைவரை இறக்கி, என் கர்னலுக்கேற்பத் தொகுத்து (கம்பைல் செய்து) பயன்படுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு இரண்டு வாரங்கள் இரவல் வாங்கிய யூஎஸ்பி டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபைக் கருவி) ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் உள்ளிருக்கும் வைஃபை கார்டையே மாற்றினேன். மூன்று வழிகளையும் கடந்து வந்தவன் என்ற முறையில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறந்து மாற்றக்கூடிய மடிக்கணினியாக இருந்தால் கார்டை மாற்றுவதே சரியான தீர்வு என்பது என் முடிவு. அதற்கான காரணம் வேகமும் அல்ல, விலையும் அல்ல, பராமரிப்பு.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும், கோளாறு உண்மையிலேயே டிரைவரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில்) ஆர்எஃப்கில் கட்டளையை இயக்கினால் வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா, அந்த முடக்கம் மென்பொருளால் ஏற்பட்டதா அல்லது மடிக்கணினியின் பொத்தானால் ஏற்பட்டதா என்பது தெரிந்துவிடும். இணைப்பு கிடைத்துக்கொண்டே இருந்து அடிக்கடி தொய்ந்து போனால், உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறையில் மின்சேமிப்புக்கென்றே இருக்கும் சிறு கோப்பைத் திறந்து 3 என்றிருப்பதை 2 என்று மாற்றிப் பாருங்கள். பலருக்கு அதோடு தீர்ந்துவிடும். கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) ஏற்றம் தோல்வி என்ற வரி -2 என்ற பிழை எண்ணோடு தென்பட்டால், டிரைவர் இருக்கிறது, அது தேடும் ஃபர்ம்வேர் கோப்புதான் வட்டில் இல்லை என்று பொருள். அதற்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் போதும். எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற தெரிவோடு இயக்கும்போது வைஃபை சாதனத்தின் பெயருக்குக் கீழே, எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரியே இல்லாமல் போனால், அல்லது இருக்கும் டிரைவர் அரை மணிக்கொரு முறை விழுந்து எழுந்தால், அப்போதுதான் கீழே சொல்லப்போகும் மூன்று வழிகளுக்கும் வேலை வருகிறது.

டாங்கிளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. செருகியவுடன் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் கடையில் கிடைத்ததை வாங்குகிறவர்களே ஏமாறுகிறார்கள், ஏனெனில் டாங்கிளுக்குள்ளும் ஒரு சில்லுதான் இருக்கிறது, அதற்கும் கர்னலில் டிரைவர் வேண்டும். மீடியாடெக் எம்டி7612யூ சில்லு கொண்டவற்றுக்கு 4.19 கர்னலிலிருந்தே டிரைவர் உண்டு. ஆனால் சந்தையில் மிகப் பரவலாகக் கிடைக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்8812ஏயூ வகைக்கு 2025-இல் வந்த கர்னலில்தான் உள்ளமைந்த ஆதரவு வந்தது. சில டாங்கிள்கள் விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, செருகியதும் தங்களை ஒரு சிடி இயக்ககமாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற கருவி அவற்றை வைஃபை முகத்துக்குத் திருப்ப வேண்டும். யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. நான் டாங்கிளுக்கு அருகில் வெளி வட்டைச் செருகிக் கோப்புகளை நகர்த்தியபோதெல்லாம் இணைப்பு தளர்ந்ததை நேரிலேயே பார்த்தேன். ஒரு சாண் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்ததும் சரியானது. மடியில் வைத்து வேலை செய்யும் கருவியில் ஒரு துண்டு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும், பைக்குள் வைக்கும்போதெல்லாம் அதைக் கழற்ற நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு வாரம்தான் பயன்படுத்தினேன் என்பதால் அதன் ஆயுளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டிரைவரைத் தொகுக்கும் வழிக்கு வருகிறேன். இதன் ஈர்ப்பு வெளிப்படையானது: காசு செலவில்லை, திருகாணியைத் தொட வேண்டியதில்லை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, புதிய கர்னல் நிறுவப்படும்போதெல்லாம் அந்த டிரைவரைத் தானாகவே மீண்டும் தொகுத்துவிடும் என்று உறுதி தருகிறது. முதல் நாள் எனக்கும் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியாக இருந்ததால் மறுதொடக்கத்தின்போது நீலத்திரை ஒன்று வந்தது. பத்து வினாடிக்குள் ஒரு விசையை அழுத்தி, நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை இட்டு, எம்ஓகே எனப்படும் சாவியைப் பதிவுசெய்தால்தான் அந்த டிரைவரைக் கர்னல் ஏற்றுக்கொள்ளும். அந்தத் திரை எதற்கென்று தெரியாமல் முதல்முறை விட்டுவிட்டு, டிரைவர் நிறுவப்பட்டும் ஏன் ஏறவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன்.

ஆனால் முதல் நாளை வைத்து இந்த வழியை எடைபோடக் கூடாது. லினக்ஸ் கர்னலின் உள்ளிடைமுகம் நிலையானதாக இருக்காது என்பது அதன் உருவாக்குநர்களின் அறிவிக்கப்பட்ட கொள்கை. கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதற்கான காரணங்களைக் கர்னலின் ஆவணங்களிலேயே எழுதி வைத்திருக்கிறார். பயனர் நிரல்களுக்குக் காட்டும் முகத்தை மாற்றாமல் காப்பாற்றும் கர்னல், உள்ளே இருக்கும் டிரைவர்களுக்கான செயல்கூறுகளைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். அப்படி மாற்றுகிறவர், கர்னல் மூலத்துக்குள் இருக்கும் டிரைவர்கள் அனைத்தையும் அதே கையோடு திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவரைத் திருத்த வேண்டிய பொறுப்பு, வெளியே இருப்பவருடையது. 2022-இன் பிற்பகுதியில், வைஃபை 7-க்குத் தேவையான, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைப் பயன்படுத்தும் வசதிக்காகக் கர்னலின் வைஃபை அடுக்கில் பல செயல்கூறுகளுக்குப் புதிய அளவுருக்கள் சேர்க்கப்பட்டன. அந்த மாற்றங்கள் இறங்கிய 6.0, 6.1 கர்னல்களில் வெளி டிரைவர்கள் பலவும் தொகுக்க முடியாமல் நின்றன. 2025-இல் 6.15 கர்னலில், தொகுக்கும் முறையைச் சொல்லும் பழைய மேக்ஃபைல் கோப்புகள் நம்பியிருந்த ஒரு மாறிக்கான ஆதரவு நீக்கப்பட்டதும் இதே கதைதான். ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கர்னல் வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரே பதிப்பில் நிலையாக இருக்கலாம் என்று நீண்டகால ஆதரவு கொண்ட உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 22.04 வெளிவந்தபோது 5.15 கர்னல், மேசைக்கணினிப் பதிப்பில் அது 2023 தொடக்கத்தில் 5.19, பிறகு 6.2, 2024-இல் 6.5, 6.8 என்று நகர்ந்துகொண்டே வந்தது. கார்டை மாற்றும் வரை நகர்வுக்கு நகர்வு என் வீட்டில் நடந்தது இதுதான்: வழக்கமான புதுப்பிப்பு ஓடும், டிகேஎம்எஸ் தொகுப்பில் பிழை என்று ஓடுகிற வரிகளுக்கு நடுவே ஒரு வரி வந்து மறையும், அடுத்த மறுதொடக்கத்தில் வைஃபை சின்னமே இருக்காது. திருத்தப்பட்ட டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து (டெதரிங் செய்து) ஒவ்வொரு முறையும் மீண்டேன் (அதற்குத் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது என்பதால், எந்த வைஃபைச் சிக்கலிலும் முதலில் கைகொடுப்பது இதுவே). தன்னார்வலர் திருத்தம் வெளியிடத் தாமதமானால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்க வேண்டும். பழைய கர்னலிலேயே தங்கிவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. ஒரு முறை, காலை பத்து மணிக்குக் காணொளிக் கூட்டம் வைத்திருந்த நாளில் இது நேர்ந்தது. வேலைக்கு நம்பியிருக்கும் கருவியில் இந்த நிலை தொடரக்கூடாது என்று அன்றுதான் முடிவெடுத்தேன். சம்பளமின்றி அந்த டிரைவரை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்த மனிதர்மேல் எனக்கு நன்றி உண்டே தவிர வருத்தம் இல்லை. பலவீனம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இந்த வழிக்கும் நியாயமான இடங்கள் உண்டு. டெபியன் 12 தன் காலம் முழுவதும் 6.1 கர்னலிலேயே நிற்கிறது. அத்தகைய வழங்கலில் ஒருமுறை தொகுத்த டிரைவர் பெரும்பாலும் தொல்லையின்றி ஓடும். வைஃபை சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய மடிக்கணினிகளில் கார்டை மாற்றவே இடமில்லை. வெளி டிரைவரைத் தொகுக்கும் முன், உங்கள் சில்லுக்குக் கர்னலிலேயே இப்போது டிரைவர் வந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2019-இல் 5.2 கர்னலிலும், ஆர்டிடபிள்யூ89 டிரைவர் 5.16-லும் உள்ளே வந்தன. ஒரு காலத்தில் பலரையும் அலையவிட்ட ஆர்டிஎல்8821சிஇ சில்லுக்கு 5.9 முதல் உள்ளேயே ஆதரவு இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பின்பற்றி வெளி டிரைவரையும் நிறுவிவிட்டால், இரண்டு டிரைவர்கள் ஒரே சில்லுக்குப் போட்டியிட்டு, இல்லாத சிக்கலை உண்டாக்கும்.

இனி, நான் செய்தது. இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டுக்கு 5.10 கர்னல் முதல் உள்ளமைந்த டிரைவர் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கும்போது ஓர் எண்ணில் கவனம் வேண்டும்: ஏஎக்ஸ்210-ம் ஏஎக்ஸ்211-ம் பார்வைக்கு ஒரே மாதிரி, 22-க்கு 30 மில்லிமீட்டர் பலகைகள்தாம். ஆனால் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை சிஎன்விஐ வகையைச் சேர்ந்தவை. வைஃபையின் ஒரு பகுதி இன்டெல் செயலித் தொகுதிக்குள் இருந்தால்தான் அவை இயங்கும். ஏஎம்டி செயலி உள்ள மடிக்கணினியில் அவற்றால் பயனில்லை. கடைக்காரர் முதலில் 211-ஐத்தான் எடுத்து வைத்தார். சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்), நிறுவனம் அனுமதித்த கார்டுகளை மட்டுமே ஏற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய திங்க்பேடுகளில் 1802 என்ற பிழையோடு கணினி தொடங்கவே மறுக்கும். உங்கள் மாதிரி எண்ணுக்கு இந்தத் தடை உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பின்மூடியைக் கழற்றி, முதலில் மின்கலத்தின் இணைப்பை விலக்கிவிட்டு, கார்டைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகை எடுத்தால் கார்டு சாய்வாக எழும்பி நிற்கும். கடினமான வேலை ஆண்டெனா கம்பியின் முனையில் இருக்கிறது. மிளகில் பாதியளவே உள்ள அந்த உலோக வளையத்தை, கார்டின் குமிழுக்கு நேர் மேலே நிறுத்தி, கட்டைவிரல் நகத்தால் செங்குத்தாக அழுத்த வேண்டும்; சரியாக அமர்ந்தால் ஒரு மெல்லிய சொடக்கு விரலில் தெரியும், அமராவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சாய்வாக அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும், நசுங்கினால் ஆண்டெனாவையே மாற்ற வேண்டியதுதான். எனக்கு நான்கு முயற்சிகள் தேவைப்பட்டன.

எதிர்பாராத குறை ஒன்றும் இருந்தது. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் ஒரே ஒரு ஆண்டெனா கம்பிதான் வைத்திருப்பார்கள், ஏனெனில் அவற்றோடு வரும் கார்டுக்கு அதுவே போதும். என்னுடையதும் அப்படித்தான். ஒரு கம்பியை மட்டும் மாட்டியபோது வைஃபை நன்றாகவே இயங்கியது. ஆனால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போனாலே புளூடூத் இயர்போனின் இணைப்பு அறுந்தது. திரையின் ஓரமாக ஒட்டக்கூடிய மெல்லிய ஆண்டெனா ஒன்றை வாங்கி இரண்டாவது குமிழில் மாட்டிய பிறகே சரியானது. ஆகவே, மூடியைத் திறந்து கம்பிகளை எண்ணிவிட்டு அதன்பிறகு கார்டு வாங்குவது நல்லது.

அதற்குப் பின் கர்னல் 6.5-க்கும் 6.8-க்கும் நகர்ந்தது. 24.04-க்கும் மேம்படுத்தினேன். ஒருமுறைகூட வைஃபைக்காக நான் டெர்மினலைத் திறக்கவில்லை. டிரைவர் கர்னலோடு வருகிறது, ஃபர்ம்வேர் வழங்கலின் தொகுப்போடு வருகிறது, செக்யூர் பூட்டுக்குத் தனிச் சாவி தேவையில்லை. மடிக்கணினியை நாளை வேறொருவருக்குக் கொடுத்தாலும், அவர் அண்மைய லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில் எதை நிறுவினாலும், நிறுவும் திரையிலேயே வைஃபை பட்டியல் தெரியும்.

மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட்டாக மாற்ற வேண்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைச் சுற்றியுள்ள சிக்னல்களை வைத்து ஃபர்ம்வேரே முடிவுசெய்வதால், அந்த அலைவரிசையில் தானாக ஒலிபரப்பத் தொடங்க இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் மறுத்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே ஹாட்ஸ்பாட் எழும். அத்தகையவர்கள் 5.12 கர்னலிலிருந்து ஆதரவுள்ள மீடியாடெக் எம்டி7921 கார்டைப் பார்க்கலாம். நான் அதைக் கையாண்டதில்லை. ஆனால் அதன் டிரைவரும் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், பராமரிப்பைப் பொறுத்தவரை நான் சொன்னவை அதற்கும் பொருந்தும்.