ஊர் மாற எது உதவும்: அருவருப்பா, பாடமா, தண்ணீரா?

ஒரு தெருவில் பத்தில் எட்டு வீட்டுக்குக் கழிப்பறை வந்துவிட்டாலும், மீதி இரண்டு வீட்டார் வெளிக்குப் போய்க்கொண்டிருந்தால் ஈ மொய்ப்பதும் குளத்தில் கிருமி கலப்பதும் நிற்காது. எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே வயிற்றுப்போக்குதான். அதனால்தான் கிராமச் சுகாதாரத்தில் வீடு வீடாகப் போவதை விட்டு, ஊர் முழுவதையும் சேர்த்து மாற்றப் பார்க்கும் முறைகள் வந்தன. அவற்றில் மூன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதிகம் பரவியது சமூகம் முன்னெடுக்கும் முழுச் சுகாதார முறை. சுருக்கமாக சி.எல்.டி.எஸ். என்பார்கள். 2000-ஐ ஒட்டி வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்தில் மொஸ்மோயில் என்ற கிராமத்தில் கமல் கர் என்ற இந்திய வளர்ச்சிப்பணி ஆலோசகர் இதைத் தொடங்கினார். கழிப்பறை கட்டப் பணம் தருவதில்லை என்பது இதன் அடிப்படை விதி. ஊரார் கூடித் தரையில் தங்கள் ஊரை வரைந்து, யார் எங்கே வெளிக்குப் போகிறார்கள் என்று மஞ்சள் பொடி தூவிக் காட்டுவார்கள். அப்புறம் அந்த இடங்களுக்கே எல்லோரும் நடந்து போவார்கள். ஒரு தம்ளர் தண்ணீரில், மலத்தில் தொட்ட தலைமுடியைத் தோய்த்து, 'குடிப்பீர்களா?' என்று களப்பணியாளர் கேட்பார். யாரும் குடிக்க மாட்டார்கள். 'ஈக்கு எத்தனை கால்?' என்பது அடுத்த கேள்வி. ஒரு முடியே இப்படி என்றால், மலத்தில் உட்கார்ந்த ஆறு காலோடு சோற்றில் வந்து உட்காரும் ஈ எவ்வளவு கொண்டுவரும் என்பதை அதற்குமேல் அவர் விளக்க வேண்டியதே இல்லை.

இதன் பலம் வேகம். மாலியில் 121 கிராமங்களில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், இந்த முறை போன ஊர்களில் 65 சதவீத வீடுகளுக்குச் சொந்தக் கழிப்பறை இருந்தது. போகாத ஊர்களில் 35 சதவீதம்தான். வயிற்றுப்போக்கு குறையவில்லை, ஆனால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு குறைந்திருந்தது. பலவீனம் ஏழை வீட்டில் தெரியும். கையில் காசில்லாதவர் கட்டையும் ஓலையும் வைத்துப் போடும் குழி அடுத்த மழையில் இடிந்துவிடும். அருவருப்பைத் தூண்டத் தொடங்கியது, சில இடங்களில் விசில் ஊதி விரட்டுவதிலும் அபராதத்திலும் போய் முடிந்திருக்கிறது. நிலமில்லாத குடும்பத்தையும் நடக்க முடியாத முதியவரையும் ஊர்நடுவில் அவமானப்படுத்திப் பெறும் சுகாதாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மானியமே கூடாது என்ற விதியையும் கேள்வி கேட்க வேண்டும். வங்கதேசத்தின் தானோர் பகுதியில் நடந்து அதே 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஊர்க்கூட்ட ஊக்குவிப்பு மட்டும் நடந்த இடங்களில் சுகாதாரமான கழிப்பறைகள் கூடவில்லை. ஊக்குவிப்போடு ஏழைகளுக்கு மானியமும் கொடுத்தபோது, அதைப் பெற்ற வீடுகளில் 22 சதவீதப் புள்ளிகள் கூடின. மானியம் பெறாத அக்கம்பக்கத்து வீடுகளும் கட்டத் தொடங்கின. காசு கொடுத்தால் ஊரின் முனைப்பு செத்துவிடும் என்ற பயம் அங்கே பொய்யாகிவிட்டது.

இரண்டாவது, 1990-களில் ஜிம்பாப்வேயில் உருவான சமூக நலவாழ்வுக் கழகம். வாரம் ஒரு கூட்டம், கிட்டத்தட்ட ஆறு மாதம். பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். தண்ணீரை மூடி வைப்பது, பாத்திரம் காயவைக்கும் மேடை, சோப்பு போட்டுக் கைகழுவுவது என்று வாரத்துக்கு ஒரு பாடமும் வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலையும் உண்டு. முடித்ததை உறுப்பினர் அட்டையில் குறிப்பார்கள். கைகழுவுவது ஒருநாள் அதிர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும் பழக்கமில்லை என்பதால் இந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ருவாண்டாவில் 150 கிராமங்களில் செய்து 2017-ல் வெளியான ஆய்வில் வயிற்றுப்போக்கு குறையவில்லை. கழகத்துக்கு வராத வீடுகளை என்ன செய்வது என்பதற்கு இந்த முறையில் பதில் இல்லை.

மூன்றாவது ஒடிசாவின் கிராம விகாஸ் அமைப்பின் வழி. ஒரு வீடுகூட விடுபடாமல் ஊர் மொத்தமும் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய் வீதம் ஒரு வைப்பு நிதி சேர்ப்பார்கள். வசதியுள்ளவர் கூடவும் இல்லாதவர் குறைவாகவும் போடலாம். பின்னால் ஊருக்கு வரும் புதுக் குடும்பங்களுக்கு அதன் வட்டி உதவும். ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறையோடு குளியலறையும் குழாய்த் தண்ணீரும் உண்டு. எல்லா வீடுகளும் கட்டி முடித்த பிறகுதான் குழாய் திறக்கும்.

அந்தக் குழாயில்தான் சூட்சுமம் இருக்கிறது. குடம் சுமக்கும் பெண்ணிடம் கழிப்பறைக்கும் சேர்த்துத் தண்ணீர் தூக்கச் சொன்னால், கட்டிய கழிப்பறை விறகு அடுக்கும் இடமாகிவிடும். அதே ஒடிசாவில் 100 கிராமங்களில் வேறொரு திட்டம் கழிப்பறை உள்ள வீடுகளை 9-லிருந்து 63 சதவீதத்துக்கு உயர்த்தியும் நோய் குறையவில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. பலர் வெளியேதான் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் கழிப்பறையும் எல்லா வீட்டுக்கும் சேர்ந்து வந்த கிராம விகாஸ் ஊர்களில், சிகிச்சைக்கு வரும் வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது.

சரி, எதை எடுப்பது? காசும் காலமும் கிடைக்கும் இடத்தில் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். செலவு அதிகம்தான். சாதியாகப் பிரிந்த ஊரில் எல்லோரையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பேச்சில்தான் ஊரின் கடைசி வீடும் கணக்கில் வருகிறது. குழாய் போட வழியே இல்லாத ஊரில் சி.எல்.டி.எஸ்.-இன் வரைபடத்தையும் நடையையும் வைத்துக்கொண்டு, விசிலையும் அபராதத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஏழை வீடுகளுக்கு மட்டும் மானியம் சேர்க்கலாம். கைகழுவும் பழக்கத்துக்குக் கழகத்தின் வாரக்கூட்டம் எந்த வழியோடும் பொருந்தும்.