செஸ்னா 150: ஆறு வருடமும் ஒரு பொத்தான் அளவு சீலும்

“பழைய செஸ்னா 150 விமானம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா அண்ணா?” என்று போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். ஒஹாயோவில் நானும் ஒரு நண்பரும் கூட்டாக ஒன்றை ஆறு வருடமாக வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். 1976 மாடல், கான்டினென்டல் ஓ-200 எஞ்சின், 100 குதிரைச் சக்தி, இரண்டு சீட். மற்ற விவரமெல்லாம் அவனே படித்து வைத்திருந்தான். நான் பேசியது முழுக்க எண்ணெய்க் கசிவைப் பற்றித்தான். முக்கால் மணி நேரம். பாவம், பொறுமையாகக் கேட்டான்.

இரண்டு வருடமாக, ஒவ்வொரு முறை தரையிறங்கியதும் விமானத்தின் அடிவயிற்றில் எண்ணெய்ப் பூச்சு. எஞ்சினுக்கு 6 குவார்ட் எண்ணெய் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்). 4-க்குக் கீழே இறங்கினால் பறக்கக் கூடாது. அந்த நிலைமை எங்களுக்கு வந்ததே இல்லை. கசிந்தது என்னவோ ஒரு தேக்கரண்டிதான். ஆனால் அந்த ஒரு கரண்டியை எதிர்க்காற்று எவ்வளவு தூரம் தேய்த்துவிடும் என்பது துடைக்கிறவனுக்குத்தான் தெரியும். வால் வரைக்கும் போகும். அதுவும் வெள்ளைப் பெயின்ட். நான் ஹாங்கர் (விமானக் கொட்டகை) தரையில் மல்லாந்து படுத்துத் துடைப்பேன்; நண்பர் நின்றுகொண்டு, “அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு” என்பார்.

ராக்கர் கவர் கேஸ்கெட், அதாவது வால்வு மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பட்டை, அதுதான் என்றார் மெக்கானிக். மாற்றினோம். அப்புறம் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கேஸ்கெட். அதுவும் ஆயிற்று. கடைசியில், “பழைய எஞ்சின், கொஞ்சம் கசியத்தான் செய்யும்” என்றார். அந்த வாக்கியத்தையும் பில்லில் சேர்த்திருப்பார் என்று எனக்கு இன்னும் சந்தேகம். நியாயமாகப் பார்த்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எஞ்சினின் பின்பக்கத்துக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் விமானியின் அறையையும் பிரிக்கும் தகடு) நடுவே கை நுழைவதே கஷ்டம். காற்று சுழற்றியடித்து அங்கே எல்லாவற்றையும் ஒரே மாதிரி நனைத்துவிடும். எது கசிகிறது, எது சும்மா நனைந்திருக்கிறது என்று யார் கண்டது?

கண்டுபிடித்துக் கொடுத்தது பாதத்தில் போடும் பவுடர். நிஜமாகத்தான் சொல்கிறேன், மருந்துக் கடையில் ஸ்ப்ரேயாகக் கிடைக்குமே, அதேதான். எஞ்சினைக் கரைப்பான் ஊற்றிக் கழுவி, காய விட்டு, பின்பக்கம் முழுக்க அடித்தோம். கோலமாவு கொட்டிய மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. நிமிடத்துக்கு 1700 சுற்றில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினோம். டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியுமாக நான் எட்டிப் பார்த்தேன். ராக்கர் கவர் பக்கம் சுத்தம், மேக்னெட்டோ பக்கம் சுத்தம். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் கேபிள் நட்டுக்குக் கீழே மட்டும் எறும்பு ஊர்ந்த தடம் போலப் பழுப்பாக ஒரு கோடு.

இந்த எஞ்சினில் டாக்கோமீட்டர் கேபிளைச் சுழற்றுவது ஆயில் பம்ப்பின் கியர். அது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டோடு சேர்ந்து எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் எஞ்சின் 2500 சுற்றினால் கேபிள் 1250. எண்ணெய்க்கு நடுவிலிருந்து ஒரு தண்டு வெளியே வருகிறது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீல், அவ்வளவுதான் தடுப்பு. ரப்பருக்கு வயதானால் எண்ணெய் கீழே சொட்டும். அதோடு விடாமல் கேபிள் உறைக்குள்ளேயே ஏறி, முன் பலகையில் இருக்கும் மீட்டர் வரைக்கும் போகவும் செய்யும். எஞ்சினின் மணிக்கணக்கு அந்த மீட்டரில்தான் ஓடுகிறது. எனவே சொட்டுதானே என்று விட்டுவைக்க முடியாது.

இங்கே சட்டப்படி இதை நானே மாற்றிக் கையெழுத்துப் போட முடியாது. மெக்கானிக் பக்கத்தில் நின்றார், நான் கழற்றினேன், லாக்புக்கில் அவர் கையெழுத்து. பழைய சீல் சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. நகத்தால் அழுத்தினேன், வற்றல் போல நொறுங்கியது. தண்டில் சீல் உட்கார்ந்திருந்த இடத்தில் மெல்லிய வளையமாக ஒரு தேய்மானம். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத்தான் தட்டுப்பட்டது. ஆழமாக இருந்தால் தண்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். நல்லவேளை, லேசாகப் பாலிஷ் போட்டதோடு சரி. புது சீலின் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி நேராக அழுத்தினோம். அதைச் சாய்த்து ஏற்றியிருந்தால் இதே கதையை இன்னொரு தடவை எழுத வேண்டியிருக்கும்.

பம்ப் பக்கம் கை வைத்ததால் ஸ்டார்ட் செய்யும்போது வயிற்றில் புளி. 30 நொடிக்குள் ஆயில் பிரஷர் காட்டாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். நண்பர் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். எட்டு எண்ணுவதற்குள் முள் எழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு 31 மணி நேரம் பறந்தாயிற்று, அடிவயிறு காய்ந்தே இருக்கிறது. கேபிளையும் கழற்றித் துடைத்துப் போட்டதில், எதிர்பாராத லாபமாக, முன்பு நடுங்கிக்கொண்டிருந்த டாக்கோமீட்டர் முள் இப்போது 2500-இல் அசையாமல் நிற்கிறது. காலையில் காற்றில்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே பறப்பது தனிச் சுகம். இந்த விமானம் எரிபொருள் அதிகம் குடிக்காது, தப்புச் செய்தாலும் மன்னிக்கும், ஆறு வருடத்தில் ஒரு நாளும் வழியில் கைவிட்டதில்லை.

தம்பியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். “அப்போ உங்க பங்கை எனக்குக் கொடுத்துடுங்க அண்ணா” என்றான். போனை வைத்துவிட்டேன்.